ஹமார்தியா யாருடையது?

துன்பியல் நாடகம் படிக்க வருகிறவர் கையில் முதலில் ஒரு கலைச்சொல் பட்டியலைத் திணித்துவிடுகிறோம். ஹமார்தியா என்றால் நாயகனின் குணக்குறை, ஹுப்ரிஸ் என்றால் செருக்கு. பிறகு சோபாக்ளிஸின் ‘அன்டிகனி’யைத் திறந்தால் வேலை சுலபம். அரசாணையை மீறி உடன்பிறந்தவன் பிணத்துக்கு மண் போட்டவள் பிடிவாதக்காரி, பிடிவாதம் அவள் குறை, குறையால் செத்தாள். அவளைக் குகைக்குள் உயிரோடு அடைத்த கிரியோன் இந்த வாசிப்பில் காணாமல் போய்விடுகிறான். இதை வெறும் மொழிபெயர்ப்புப் பிரச்சினை என்று என்னால் விட முடியவில்லை.

ஹமார்தியாவின் வினைமூலம் எய்த ஆயுதம் இலக்கைத் தவறுவதையும் குறிக்கும். நாம் குறி தவறுதல் என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். ‘தவறு’ கைவசம் இருக்க, ‘குறை’ எங்கிருந்து வந்தது? அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ 13ஆம் இயலில் பிரித்தே சொல்கிறார்: வீழ்ச்சி கெட்ட குணத்தால் வருவதில்லை, பெரிய ஹமார்தியாவால் வருகிறது. செய்கைக்குரிய சொல்லைப் பின்னால் வந்தவர்கள் ஆளுக்குள் புகுத்திவிட்டார்கள். (புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதே சொல்தான் பாவம்.)

ஹுப்ரிஸின் கதை இன்னும் மோசம். ஏதென்ஸ் சட்டத்தில் அது வழக்குத் தொடரக்கூடிய குற்றம். இன்னொருவரை இழிவுபடுத்தும் செயல். அடிமைக்குச் செய்தாலும் ஹுப்ரிஸ்தான். நாடகத்தில் இந்தச் சொல்லை அன்டிகனி மேல் எறிகிறவன் கிரியோன். நம் பேச்சில் இதற்குச் சரியான சொல் ‘திமிர்’. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவளைப் பார்த்து, ‘என்ன திமிருடீ உனக்கு’ என்பான். பண்ணையார் வாயில் வருவதையெல்லாம் நாம் கலைச்சொல் ஆக்கிக்கொள்வதில்லை. கிரியோனுக்கு மட்டும் என்ன சலுகை?

பிரதியை நிதானமாக வாசித்தால், தவறியவர் யார் என்பதே அங்கே நடக்கும் சண்டை. சாகப் போகும்போது அன்டிகனியே அந்த வினைச்சொல்லைக் கையிலெடுக்கிறாள்: தவறியது நானென்றால் பட்டபிறகு ஒப்புக்கொள்வேன், இவர்களென்றால் எனக்குச் செய்த அளவே இவர்களுக்கும் நேரட்டும் என்கிற பொருளில். முதியோர் கோரஸ் அப்போது அவளுக்குப் பரிதாபம் காட்டினாலும், துணிச்சலின் எல்லைக்கே போய்விட்டாய் என்கிறது. கடைசியில் மகனின் பிணத்தோடு கிரியோன் வரும்போது அதே கோரஸ் அந்தச் சொல்லை அவன்மேல் வைக்கிறது. அவனும் ஏற்றுக்கொள்கிறான். கி.மு. 441 வாக்கில் மேடையேறிய நாடகம் இது. அரிஸ்டாட்டில் எழுதியது சுமார் ஒரு நூற்றாண்டு கழித்து. கோட்பாடு வருவதற்கு முன்பே சொல் கை மாறிவிட்டது.

அகுஸ்தோ போவால் 1974இல் அரிஸ்டாட்டிலின் துன்பியல் அமைப்பையே அடக்குமுறைக் கருவி என்றார். பார்வையாளருக்குள் இருக்கும் மீறலை கதார்சிஸ் கழுவிவிடுகிறதாம். பாதிதான் உடன்பாடு. அதோல் ஃபுகார்டு, ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா மூவரும் 1973இல் உருவாக்கிய ‘தீவு’ நாடகத்தில் இரண்டு கைதிகள் அன்டிகனியின் விசாரணையை நடித்துக்காட்டுகிறார்கள். அங்கே எதுவும் கழுவப்படவில்லை. ராபன் தீவுச் சிறையிலேயே கைதிகள் ‘அன்டிகனி’யை நடித்ததுண்டு. அதில் கிரியோன் வேடம் நெல்சன் மண்டேலாவுக்கு.