தடைக்கு முன்பே

அடக்குமுறைச் சமூகங்களைச் சித்திரிக்கும் நாவல்களுள் மூன்றை இங்கு ஒப்புநோக்குகிறேன். ஓர்வெல்லின் '1984' (1949) காட்டும் அரசு அச்சத்தால் ஆள்கிறது. எதிர்த்துச் சிந்திக்க உதவும் சொற்களையே அகராதியிலிருந்து நீக்குகிறது. ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) காட்டும் அரசு இன்பத்தால் ஆள்கிறது. 'சோமா' மாத்திரை துயரை மறக்கடிக்கிறது. இரண்டிலும் கட்டுப்பாடு மேலிருந்தே வருகிறது.

ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹைட் 451' (1953) நாவலில் தீயணைப்புப் படையினரே நூல்களை எரிக்கின்றனர். ஆனால், தடை வருமுன்பே மக்கள் வாசிப்பைக் கைவிட்டிருந்தார்கள் என்கிறான் அவர்களின் தலைவன் பீற்றி. மூன்றிலும் இதுவே கொடியதென எனக்குப் படுகிறது. கொடுங்கோலனை வீழ்த்தலாம், வாசகனே கைவிட்ட நூலை யார் மீட்பது? நூல்களை மனனஞ்செய்து சுமந்து திரியும் சிலரைப் பிராட்பரி இறுதியில் காட்டுகிறார். அத்தகைய சிலரை நம்பித்தான் சிறுசஞ்சிகைகளும் வெளிவருகின்றன.