வேரும் பொருளும்

"பத்துவா" என்னும் சொல் நம் இல்லங்களில் சாபத்தைக் குறித்து வழங்குகிறது. அதன் பிற்பகுதியாகிய "துஆ" அரபு. முற்பகுதியாகிய "பத்" பாரசீகம். தீயது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் "பேட்" என்பதற்கும் அதுவே பொருள். ஒலி நெருங்குகிறது, பொருள் ஒன்றுகிறது, இரு மொழிகளும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தவை. ஆகவே இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்று முடிவு கட்டத் தோன்றும். அம்முடிவு பிழையாகும். இஸ்லாத்திற்கு முந்திய பகலவி மொழியில் இச்சொல் "வத்" என்றே இருந்தது. வகரம் திரிந்து இன்றைய வடிவம் பிற்காலத்தில் வந்தது. ஆங்கிலச் சொல்லோடு அதற்கு உறவில்லை, ஒற்றுமை தற்செயலானது.

இதற்கு மறுதலையும் உண்டு. நூல் நூற்கும் இராட்டையைச் "சர்க்கா" என்கிறோம். "சர்க்" என்னும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது அது. வடமொழிச் "சக்கரம்", ஆங்கில "வீல்" ஆகியவை அதன் உடன்பிறப்புகள். செவிக்கு ஒவ்வாத இச்சொற்களை இணைப்பது ஒலிமாற்ற விதி. ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் "ஹ்வேயோல்". பிற மொழிகளின் ககரம் ஜெர்மானியக் கிளையில் ஹகரமாவது ஒழுங்கு. "பித்ரு", "பிதர்" என்பவற்றின் பகரம் "ஃபாதர்" என மாறுவதும் அவ்வொழுங்கே.

வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் இம்மொழிகளின் உறவை எடுத்துரைத்தார். ஆயின் உறவை விதியாக நிறுவியவர்கள் 1818இல் ராஸ்க்கும், 1822இல் கிரிம்மும் ஆவர். விதிக்கு அடங்காதவைபோல் தோன்றியவற்றுக்கும் காரணம் உண்டெனப் பின்னர் வெர்னர் காட்டினார். ஒலி ஒத்திருப்பதை மட்டும் கொண்டு மேடைகளிலும் ஏடுகளிலும் வேர்ச்சொல் காண்போர் இவ்வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நன்று.

அரபின் மூவெழுத்து வேரை அறிந்த நமக்கு இன்னொரு வேறுபாடும் விளங்க வேண்டும். அரபு வேர் அம்மொழிக்குள்ளேயே கண்முன் நிற்பது. இந்தோ-ஐரோப்பிய வேரோ எங்கும் எழுதப்பட்டதன்று. கிளைகளை ஒப்பிட்டுக் கணித்துப் பெற்றது. அதன் ஒலியைக் கணிப்பதினும் பொருளைக் கணிப்பது அரிது.

அவ்வரிய பணியை மேற்கொண்டவர் எமில் பென்வெனிஸ்த். ஹலப் நகரில் 1902இல் பிறந்து பாரிஸில் பேராசிரியராக விளங்கியவர். இந்தோ-ஐரோப்பிய நிறுவனங்களின் சொற்கள் பற்றிய அவருடைய நூல் 1969இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு சொல் சுட்டும் பொருள் வேறு, அது சமுதாயத்தில் ஆற்றிய பணி வேறு என்று பிரித்துக் காண்பதே இந்நூலின் உயிர்நிலை.

ஆங்கிலத்தில் "கெஸ்ட்", ரஷ்ய மொழியில் "கோஸ்த்" என்பன விருந்தினரைக் குறிக்கின்றன. அதே வேரில் வந்த இலத்தீன் "ஹோஸ்திஸ்" பகைவனைக் குறிக்கிறது. முற்காலத்தில் அது கொடுத்தலும் பெறுதலும் ஆகிய கடமையால் பிணைக்கப்பட்ட அயலானைக் குறித்தது. நகர அரசு தன் எல்லையைத் தனக்கென வரைந்துகொண்டபோது, வெளியில் நின்றவன் பகைவனானான் என்கிறார் ஆசிரியர். மாறியது சமுதாயம், அதனோடு சொல்லும் மாறிற்று. இதுவே நூலின் மிகச் சிறந்த பகுதி எனலாம்.

எல்லா இடத்திலும் அவரை ஏற்பதற்கில்லை. இலத்தீனில் "பெக்குஸ்" கால்நடை, "பெக்கூனியா" பணம். கால்நடையைக் குறித்த சொல்லே பணத்தைக் குறிக்கலாயிற்று என்பது பழைய கருத்து. அவரோ, முதலில் அசையும் செல்வம் முழுவதையும் குறித்த சொல் கால்நடை எனக் குறுகிற்று என்கிறார். வேதத்தில் "பசு" மனிதரையும் உள்ளடக்கிய இடங்களை அவர் காட்டுவது வலிய சான்றே. எனினும் வடமொழியிலும், இலத்தீனிலும், ஜெர்மனிலும் அச்சொல் தனித்தனியே கால்நடை எனக் குறுகிற்று என்பது எளிதில் மனம் கொள்ளவில்லை.

ஆயினும் நூலின் படிப்பினை பெரிது. வேர், சொல்லின் பிறப்பைச் சொல்லும். அதன் இன்றைய பொருளை ஆளாது. மாந்தரின் குருதியை அது ஒருபோதும் சொல்லாது. "ஆரியர்" என்னும் மொழிப்பெயரை ஐரோப்பியர் சிலர் இனப்பெயராக்கினர். அது குருதியைக் குறிப்பதன்று என்று மாக்ஸ் முல்லர் 1888இலேயே மறுத்தும், அந்தப் பிழை அடுத்த நூற்றாண்டில் பல இலட்சம் யூதரைப் பலிகொண்டது. யூதக் குடும்பத்தில் பிறந்த பென்வெனிஸ்த், அப்போரில் சிறைப்பட்டுத் தப்பி ஸ்விட்ஸர்லாந்தில் அடைக்கலம் புகுந்தவர். விருந்தினனும் பகைவனும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்ததை விளக்கிய அவர் பக்கங்களைப் படிக்கும்போது இதையும் நினைவில் கொள்ளுதல் தகும்.