மூன்றில் ஒரு பங்கு

ஜயந்த் பவாரின் மராத்தி நாடகத்தைத் தழுவி மகேஷ் மஞ்ச்ரேகர் எடுத்த 'சிட்டி ஆஃப் கோல்ட்' (2010) படத்தில், வேலை போன மில் தொழிலாளியின் மனைவியாக வரும் சீமா பிஸ்வாஸ் நம்மைக் கலங்கடித்துவிடுகிறார். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தம். மும்பையில் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் தெருவில். ஒண்டுக் குடித்தன வீட்டில் ஒரு குடும்பம் சிதறுவதை அத்தனை நெருக்கமாகக் காட்டிய மஞ்ச்ரேகர், அப்புறம் துப்பாக்கிச் சத்தத்தில் மயங்கிவிட்டார். அங்கேதான் எனக்கு வருத்தம்.

லால்பாக், பரேல் பக்கம் ரவுடிகள் செய்ததைவிட ஒரு விதி செய்த வேலை பெரிசு சார்! 1991-ல் வந்த 58-ம் எண் விதிப்படி மில் நிலத்தை மூணு பங்காக்கணும். மாநகராட்சி பூங்காவுக்கு ஒண்ணு, வீட்டு வசதி வாரியத்துக்கு ஒண்ணு, முதலாளிக்கு ஒண்ணு. நல்ல கணக்குதான். 2001-ல் மகாராஷ்டிர அரசு ஒரு திருத்தம் போட்டது. கட்டடம் நிற்கிற இடத்தைக் கழித்துவிட்டு, காலி இடத்தை மட்டும் பங்கு போட்டால் போதுமாம். மில் என்றாலே கட்டடம்தானே, மிச்சம் என்ன தேறும்? 2006-ல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று மால்; சுற்றிலும் கோடிகளில் விலை போகும் அடுக்குமாடிகள்.

இந்தத் திருத்தத்தை வில்லனாக வைத்து யாராவது படம் எடுத்தால், முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுக்கிறேன்.