முதல் மைக்

றிச்மண்ட் ஹில்லில் பிள்ளைகள் பாட்டோ மிருதங்கமோ பழகும் வீடுகளில் ஒரு கட்டத்தில் மைக் வாங்கும் பேச்சு வந்தே தீரும். டீச்சருக்குப் பதிவு அனுப்பவேண்டும், அரங்கேற்றத்துக்கு முன் தன் குரலைத் தானே கேட்கவேண்டும், ஊரிலிருக்கும் அம்மம்மாவுக்கு ஒரு கீர்த்தனை போய்ச் சேரவேண்டும். கடையில் முதலில் கண்ணில் படுவது அகன்ற தலை வைத்த கண்டென்சர் மைக். காகிதத்தில் அதை வெல்ல முடியாது. 20 ஹேர்ட்ஸிலிருந்து 20,000 வரை எல்லாம் அதற்குக் கேட்கும். நான் பக்கத்தில் இருக்கும் ஷூர் எஸ்எம்57ஐ எடுங்கள் என்பேன். அதன் எல்லை 40 முதல் 15,000 வரைதான். ஆனால் நம் வீடுகளுக்கு அதுதான் பொருத்தம்.

காரணம் அறையில் இருக்கிறது. இங்கே பதிவு நடப்பது பெரும்பாலும் பேஸ்மென்ட்டில். தாழ்ந்த கூரை, டிரைவால் சுவர், மூலையில் ஃபேர்னஸ். ஜனவரியில் அது எந்த வரியின் நடுவில் இரையத் தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் அறைச் சத்தத்தை வெட்டிவிடும் என்பார்கள். உண்மையில் வெட்டுவது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் ஏறும், அறையின் எதிரொலி இருந்த இடத்திலேயே நிற்கும். எஸ்எம்57 அந்த நெருக்கத்துக்கென்றே பிறந்தது. அதன் கேட்கும் வட்டம் இதய வடிவானது, முன்னால் கூர்மை, நேர் பின்னால் ஏறத்தாழச் செவிடு. ஆகவே மைக்கின் பின்புறத்தை ஃபேர்னஸ் பக்கம் திருப்புங்கள். குளிர்கால ஜாக்கெட்டுகள் தொங்கும் அலுமாரிக் கதவைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் திறந்து வையுங்கள். இந்த இரண்டும் காசு கேட்காத வேலை, பலனோ கை மேல்.

பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். 157 மில்லிமீற்றர் நீளம், 284 கிராம். மங்கிய சாம்பல் உடல், நுனியில் கீற்றுக் கீற்றாகப் பிளந்த ஒரு சிறு மூடி. அந்த மூடி வெறும் காப்பு இல்லை, ஓசையை வடிவமைப்பதில் அதற்கும் பங்குண்டு. உள்ளே மெல்லிய படலம், அதோடு ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். குரல் படலத்தை அசைக்க, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. கண்டென்சர் கேட்கும் 48 வோல்ட் இதற்குத் தேவையில்லை. ஷூர் நிறுவனத்தின் ஏர்னி சீலர் 1959இல் யூனிடைன் 3 என்ற உறுப்பை வடித்தார். அதிலிருந்து 1965இல் எஸ்எம்57 வந்தது, அடுத்த ஆண்டு உருண்டைத் தலையோடு எஸ்எம்58. லிண்டன் ஜோன்சன் காலத்திலிருந்து அமெரிக்க ஜனாதிபதிகளின் மேடையில் நிற்பதும் இந்த 57தான்.

வீட்டில் பாட்டு மட்டும்தான் என்றால் 58ஐ வாங்கலாம். பகரத்தில் வெடிக்கும் காற்றை அதன் உருண்டை வலை தாங்கிக்கொள்ளும். 57க்கு ஒரு ஸ்பொஞ்ச் உறை போடவேண்டியிருக்கும். ஆனால் மிருதங்கமும் வயலினும் உள்ள வீட்டுக்கு 57தான் துணை.

மிருதங்கத்தில் இதன் அழகு தெரியும். நெருங்க நெருங்க அடித்தொனி தடிக்கும் குணம் இந்த வகை மைக்குகளுக்கு உண்டு. தூரத்தில் வைத்தால் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே மெலிந்துபோகும் 57, தொப்பியிலிருந்து நாலு விரல் தள்ளி நின்றால் ரவை பூசிய பக்கத்தின் கும்கியை முழுசாக அள்ளிக்கொள்ளும். வலந்தலையின் சாப்பு தன் கூர்மையால் தானே வந்து சேரும். ஒற்றை மைக்கில் பதியும்போது இரண்டுக்கும் நடுவில் வைக்காமல் தொப்பிப் பக்கம் சாய்த்து வைப்பதே என் விருப்பம். பேவியூவில் இருக்கும் பிள்ளையார் கோவிலில் கேட்கும் தவிலைப்போல, விரல்களில் கூடு மாட்டி ஒருவர் பக்கத்தில் நின்று அடித்தாலும் இது கலங்காது.

வயலினுக்குக் கொஞ்சம் பக்குவம் வேண்டும். 5,000, 6,000 ஹேர்ட்ஸ் பக்கம் 57க்கு ஒரு மேடு உண்டு. குரலில் சொற்களைத் துலக்கும் அதே மேடு வில்லின் உரசலையும் தூக்கிக் காட்டும். மைக்கை நேராக நீட்டாமல் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் உரசல் அடங்கி, கமகத்தின் வளைவு மட்டும் மிஞ்சும். அந்தச் சிறு திருப்பத்தில் நாதம் மாறுவதைக் கேட்ட பிள்ளைக்கு, மைக்கும் ஒரு வாத்தியம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஒரே மைக்கில் என்ன ஆகும் என்பவர்களுக்கு ரொறன்ரோவிலேயே பதில் இருக்கிறது. 1987 நவம்பர் 27இல் கௌபோய் ஜங்கீஸ் குழு நகர மையத்தின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஒற்றை மைக்கைச் சுற்றி உட்கார்ந்து 'த டிரினிட்டி செஷன்' இசைத்தொகுப்பைப் பதிவுசெய்தது. அது நான்கு காது கொண்ட கால்ரெக் அம்பிசோனிக் மைக், நம் 57க்கு எட்டாத சாதி. ஆனாலும் அங்கே நடந்த வேலையை வீட்டில் செய்யலாம்: யார் முன்னே, யார் பின்னே, எந்த வாத்தியம் எவ்வளவு தள்ளி என்று காதால் தீர்மானிப்பது. பாடுபவரை ஒரு சாண் தூரத்தில் இருத்தி மிருதங்கத்தைப் பின்னுக்கு நகர்த்திப் பாருங்கள். மிக்சரில் தேடும் சமநிலை பாயிலேயே கிடைத்துவிடும்.

வீணை வீட்டுக்கு மட்டும் என் பரிந்துரை மாறும். வீணையின் நாதம் மெல்லியது. ஒரே சத்தத்துக்கு ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020 கண்டென்சர் தரும் மின்னழுத்தம் 57 தருவதைவிட ஏறக்குறைய 9 மடங்கு. 57ஐ அந்த அளவுக்கு ஏற்றினால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் மலிவானதாக இருந்தால் இரைச்சலும் கூடவே ஏறும். மீட்டு நின்றபின் நீளும் கார்வை அந்த இரைச்சலில் கரைந்துபோவது பெரிய இழப்பு. அங்கே கண்டென்சரை வாங்கி, ஃபேர்னஸை அரை மணி நேரம் அணைத்து வைப்பதே நல்லது.

57ஐக் கணினியில் சேர்க்க எக்ஸ்எல்ஆர் வயரும் இன்டர்ஃபேஸும் வேண்டும். அதற்குக் கை இடிக்கும் என்றால் சாம்சன் கியூ2யூ இருக்கிறது. அதுவும் டைனமிக்தான், யூஎஸ்பியிலும் எக்ஸ்எல்ஆரிலும் ஓடும், நாளை இன்டர்ஃபேஸ் வந்தாலும் வீணாகாது. லோங் அண்ட் மக்குவேட் கடைகளில் மைக்குகளை வாடகைக்கு எடுக்கலாம். இரண்டு வகையையும் ஒரு வாரக்கடைசிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே பேஸ்மென்ட்டில் அதே கீர்த்தனையைப் பதிந்து பாருங்கள். 57க்குப் போலிகள் நிறையவே உலவுகின்றன, ஆகவே இணையத்தில் பாதி விலைக்கு வருவதை நம்பாமல் தெரிந்த கடையில் வாங்குங்கள். மிஞ்சும் காசை ஆடாத ஒரு நல்ல ஸ்டாண்டில் போடுங்கள், கீழே உட்கார்ந்து பாடும் உயரத்துக்கு இறங்கக்கூடிய குட்டை ஸ்டாண்டாக.