மின்னேடும் பாடத் தூய்மையும்

நூல்களை உடன்கொண்டு செல்லுதல் கற்போர்க்கு எக்காலத்தும் அரிய செயலாகவே இருந்து வந்தது. பன்னிரு திருமுறைகளையும் உரைகளோடு தலயாத்திரைக்கு எடுத்துச் செல்லுதல் அச்சுநூற் காலத்தும் எளிதன்று. இவ்வருமையை மின்னூற்கருவி நீக்கியுள்ளது. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கிண்டில் முதலிய இக்கருவிகள், கையடக்கமாயிருந்தே ஆயிரக்கணக்கான நூல்களைக் கொள்வன. கருமையும் வெண்மையுமான நுண்ணிய துகள்களை மின்விசையால் நகர்த்தி எழுத்தாக்குவது இவற்றின் திரை. ஒருமுறை அமைந்த பக்கம் மின்செலவின்றியே நிற்கும். வெயிலிலும் எழுத்து மங்காது. முதியோர் வேண்டுமளவு அதனைப் பெரிதாக்கிக் கொள்ளலாம். இவை மறுக்கலாகா நலங்கள்.

ஆயினும், நூலை உடையராதல் வேறு. அதன் திருந்திய பாடத்தை உடையராதல் வேறு. கருவி தன்னுள் இட்டதை இட்டவாறே காட்டுமன்றிப் பிழையும் திருத்தமும் அறியாது. ஆகலின் ஆராயத்தக்கது கருவியன்று, அதனுள் இடப்படும் மின்பதிப்பே.

முதலாவது, செய்யுள் வடிவம். எழுத்தைப் பெரிதாக்குங்கால் வரிகள் மடிதல் உரைநடைக்குக் குற்றமாகாது. செய்யுட்கோ அடியமைதி இன்றியமையாதது. எண்சீர் விருத்தத்தின் ஓரடி சிறுதிரையில் மூன்று வரிகளாய் மடியின், எதுகை நிற்கும் இடம் மறைந்து, அடி எது, மடிப்பு எது எனப் புதிதாய்க் கற்பார் மயங்குவர். அச்சுப்பக்கத்தைப் படமாக எடுத்த கோப்பு அடியைக் காக்கும். ஆயின் எழுத்துச் சிறுத்துக் கண்ணை வருத்தும். மடிந்த பகுதியை உள்ளொதுக்கி அமைப்பின் இக்குறை பெரிதும் தீரும். அவ்வுழைப்பை மேற்கொள்ளாத பதிப்பு, செய்யுளை உரைநடையாகச் சிதைப்பதேயாம்.

இரண்டாவது, பாடம். ஓலைச்சுவடிகளிற் புள்ளியிடும் வழக்கம் அருகியது. காலும் ரகரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. இம்மயக்கங்களைக் களைந்து பல ஏடுகளை ஒப்புநோக்கியே உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். அத்தகைய பதிப்புக்களின் முகவுரையையும் பாடவேறுபாடுகளையும் நீக்கி, மூலத்தை மட்டும் தட்டெழுதி வழங்குவோர், பதிப்பாசிரியர் உழைப்பின் பெரும்பகுதியைப் போக்கடித்தவராவர். காலுக்கு ரகரம் இடும் பழம்பிழை தட்டெழுத்திலும் நிகழ்கின்றது. ஏடெழுதினோன் பிழை ஓரேட்டிற் புக, மின்பிழையோ ஒருநாளில் ஆயிரம் படிகளிற் பரவும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் பலர் தட்டெழுதிப் பிழைதிருத்திய நூல்களை, உழைத்தோர் பெயர் குறித்து விலையின்றி வழங்கிவருவது. யார் பொறுப்பில் ஆயது எனக் காட்டும் அம்முறை ஏனையோர்க்கும் உரியது.

மூன்றாவது, உரிமை. 2009-ஆம் ஆண்டு ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நாவல்களை, விற்றவர்க்கு உரிமையில்லை எனக் கண்ட அமேசான் நிறுவனம், விலைகொடுத்து வாங்கியோர் கிண்டில்களினின்றும் அவரறியாமலே அழித்தது. விலை திருப்பித் தரப்பட்டது. பின்னர் மன்னிப்பும் கோரப்பட்டது. எனினும், வாங்கிய நூல் வாங்கியோர் கைக்குள் இருந்தே மறையக்கூடும் என்பது அன்று வெளிப்பட்டது. தில்லையிற் பூட்டிய அறையிலிருந்த திருமுறை ஏடுகள் செல்லரித்தொழிய, எஞ்சியனவே கிடைத்தன என்னும் வரலாற்றை அறிந்த சைவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலின் மின்னேடு கொள்வோர், பதிப்பாசிரியர் பெயரும் மூலப்பதிப்பும் குறித்த கோப்புக்களையே தேர்க. பூட்டற்ற படிகளை வேறிடங்களிலும் சேமிக்க. ஐயம் நேர்ந்துழி ஒப்புநோக்க நல்ல அச்சுப்பதிப்பொன்றை மனையில் வைத்திருக்க. இவ்வளவும் செய்வார்க்கு அக்கருவி வழித்துணையாம்.