பணம் வந்ததற்கு யார் சாட்சி?

சென்னை ரங்கநாதன் தெருவில் கைக்குட்டை விற்பவரிடம்கூட "ஜிபே பண்ணட்டுமா?" என்று கேட்கலாம். அவருடைய தட்டுக்கு அருகிலுள்ள சின்ன ஒலிப்பெட்டி, வந்த தொகையை உரக்கச் சொல்லும். அதைக் கேட்டதும் அவர் அடுத்தவரைக் கவனிக்கத் திரும்பிவிடுவார். இங்கே இலங்கையில், வெள்ளவத்தையிலோ யாழ்ப்பாணத்திலோ கேக், சேலை, உதிரிப்பாகம் என்று விற்கும் சிறு நிறுவனங்களில் கேட்கும் பேச்சு வேறு: "காசு போட்டுட்டன், ஸ்லிப் அனுப்பியிருக்கிறன், பாருங்கோ." வாட்ஸ்அப்பில் பணம் அனுப்பியதைக் காட்டும் அந்த ஸ்லிப்பின் படம் வந்தவுடன் பொருள் கூரியரில் ஏறிவிடுகிறது.

இரண்டு நாட்டிலும் கைத்தொலைபேசிதான், நொடியில் நகரும் பணம்தான். ஆனால் பணம் வந்துவிட்டது என்று சொல்வது யார்? அங்கே விற்பவருடைய பெட்டி சொல்கிறது. இங்கே வாங்குபவர் சொல்கிறார். சிறு தொழில் நடத்துபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். எந்த வங்கி, எந்தச் செயலி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தொழில்நுட்பத்தில் நாம் பின்தங்கியிருந்தோம் என்று சொல்ல முடியாது. வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் சீஃப்ட்ஸ் முறை இலங்கையில் 2015இலேயே வந்துவிட்டது. ஜிபே போன்ற செயலிகள் இயங்கும் இந்தியாவின் யுபிஐ முறை 2016 ஏப்ரலில் வந்தது. கடையிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கைத்தொலைபேசியால் வருடிப் பணம் செலுத்தும் லங்கா கியூஆருக்கான பொதுத் தரத்தை நமது மத்திய வங்கி 2018இல் வகுத்தது. வேறுபாடு கட்டாயத்திலும் செலவிலும் இருந்தது. இந்தியாவில் 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போனபோது பணமில்லாத வழியைத் தேட வேண்டிய கட்டாயம் வந்தது. 2020 ஜனவரியிலிருந்து, வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் எடுக்கக் கூடாது என்றும் ஆயிற்று. லங்கா கியூஆரிலோ கடைக்காரர் விற்பனையில் ஒரு சிறு பங்கை வங்கிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. குறைந்த இலாபத்தில் ஓடும் மளிகைக் கடைக்கு அது உறுத்தியது. கணக்கு இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் அனுப்பும் கட்டணம் வாங்குபவரோடு போய்விடும். ஸ்லிப் பழக்கம் வேரூன்றியதற்கு இது ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

கட்டணத்தில் கிடைக்கும் அந்த மிச்சம் வீண் மிச்சம். ஸ்லிப் என்பது ஒரு படம். திகதியையும் தொகையையும் கைத்தொலைபேசியிலேயே மாற்றலாம். நாளைக்கு அனுப்பும்படி பதிந்துவைத்து, படத்தை எடுத்துக்கொண்டு, பிறகு இரத்துச் செய்யவும் முடியும். ஆகவே படத்தைப் பார்த்துப் பொருளை அனுப்பாதீர்கள். கணக்கைப் பார்த்து அனுப்புங்கள். வரவு வந்தவுடன் குறுஞ்செய்தி வரும்படி வங்கியில் பதிந்து, அதை வியாபாரத்துக்கென்றே வைத்த தொலைபேசிக்கு வரச் செய்யுங்கள். முதலாளி வெளியூரில் இருக்கும்போது ஊழியர் ஸ்லிப்பை நம்புவதற்குக் காரணம், அவரால் கணக்கைப் பார்க்க முடியாததுதான். பார்க்க மட்டும் உரிமையுள்ள பயனர் கணக்கை உங்கள் வங்கி தருமா என்று கேளுங்கள். பணம் அனுப்புபவர் குறிப்பில் பற்றுச்சீட்டு இலக்கத்தை எழுதும்படியும் சொல்லுங்கள். ஒரே நாளில் மூன்று பேர் 2,500 ரூபாய் போட்டால் யாருடையது எது என்று அப்போதுதான் தெரியும்.

இந்திய முறையிலும் ஓட்டை உண்டு. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் கடைகளின் கியூஆர் ஒட்டிகள்மேல் இரவோடிரவாக வேறு ஒட்டிகளை ஒட்டிவிட்டார்கள். பணம் வேறொருவர் கணக்குக்குப் போனது. காலையில் கடை திறந்ததும் ஒட்டியைத் தடவிப் பார்ப்பதும், அதற்குத் தாமே ஒரு சிறு தொகை அனுப்பிப் பார்ப்பதும் இரு நாட்டுக் கடைக்காரருக்கும் பொருந்தும். அதே ஆண்டு மார்ச்சிலும் ஏப்ரலிலும் யுபிஐ தடைப்பட்டது. கல்லாவில் சில்லறை இருக்கட்டும்.

கட்டணமில்லாத வசதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடகாவின் சிறு வியாபாரிகளுக்கு யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி வரி அறிவித்தல்கள் வந்தன. பெங்களூரில் சில கடைகள் "யுபிஐ இல்லை, காசு மட்டும்" என்று எழுதி ஒட்டின. வரி விலக்குள்ள பாலையும் காய்கறியையும் விற்றவர்களும் அதில் அகப்பட்டார்கள். தங்கை அனுப்பிய பணமும் கடைக்கு வந்த பணமும் ஒரே கணக்கில் கிடந்தால், பிறகு அதைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. வியாபாரத்துக்குத் தனிக் கணக்கைத் தொடங்க வேண்டியது கேள்வி வந்த பிறகு அல்ல, முதல் நாளிலேயே.

2024 பெப்ரவரி 12 முதல் இந்தியப் பயணிகள் தங்கள் யுபிஐ செயலியால் லங்கா கியூஆரில் செலுத்தலாம். கண்டியிலும் நுவரெலியாவிலும் விடுதி, தேநீர்க்கடை, நினைவுப் பொருள் கடை நடத்துபவர்களுக்கு லங்கா கியூஆருக்கான சிறு கட்டணத்தின் கணக்கு இதனால் மாறுகிறது: இந்திய ரூபாயை மாற்ற அலையாத வாடிக்கையாளர் வாசலிலேயே நிற்கிறார். உங்கள் ஒட்டி யுபிஐயை ஏற்குமா, பணம் எப்போது கணக்கில் விழும், வரவுச் செய்தி யாருடைய தொலைபேசிக்கு வரும் என்ற மூன்றையும் வங்கி முகாமையாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.