சுராங்கனியும் சின்ன மாமியும்

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைப் பற்றி அண்மைக் காலமாக நினைவுக் கட்டுரைகள் பல வெளிவந்துகொண்டிருக்கின்றன. அவற்றை நாம் விடாமல் வாசித்து வருகிறோம். எழுபதுகளில் பள்ளிப் பருவத்தைக் கழித்த தலைமுறைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது; கேட்டதையும் களித்ததையும் எழுதிவைக்க வேண்டுமென்ற ஆவல் அதற்கு எழுவது இயல்பே. மயில்வாகனத்தின் நிதானம், கே.எஸ். ராஜாவின் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு, பி.எச். அப்துல் ஹமீதின் பிசிறில்லாத உச்சரிப்பு ஆகியவற்றைப் புகழாதார் இலர். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே பள்ளிக்குப் புறப்பட்டதையும், 'பிறந்தநாள் வாழ்த்து' நிகழ்ச்சியில் தம் ஊர்ப்பெயர் வருமா எனக் காத்திருந்ததையும் பலரும் உருக்கத்தோடு வரைகின்றனர். எல்லாம் மெய்யே. நமக்கும் நேர்ந்தவையே.

எனினும் இக்கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்குங்கால் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. இலங்கை வானொலியைக் கொண்டாடும் இவற்றுள் இலங்கையின் பாட்டு இல்லை. அறிவிப்பாளர் இருக்கிறார், அவர் அறிவித்த சென்னைத் திரைப்பாடல் இருக்கிறது. அந்தத் தீவிலேயே பிறந்து, அந்தத் தீவின் தமிழிலேயே பாடப்பெற்ற பொப்பிசை ஒரு வரியில் கூடத் தலைகாட்டுவதில்லை. தலைகாட்டினால் அது 'சுராங்கனி'யாக மட்டுமே இருக்கும். அதுவும் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்தில் பாடிய வேடிக்கைப் பாட்டாக.

இதன் காரணத்தைக் காண்பது அரிதன்று. 1952ஆம் ஆண்டளவில், பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்த காலத்தில், அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்குக் கதவடைத்தது. 1950இல் தொடங்கிய கொழும்பு வானொலியின் வர்த்தக சேவை அந்த வெற்றிடத்தை நிரப்பியது. 1957இல் விவித பாரதி பிறந்த பின்னும் நம் கடற்கரைச் செவிகள் கொழும்பை விட்டு அகலவில்லை. ஆகவே நாம் அந்த வானொலியைத் திருப்பியது இலங்கையை அறிவதற்கன்று; நம் நாட்டுப் பாட்டைக் கேட்பதற்கே. கடல் கடந்து வந்த குரலில் நாம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இடையிடையே அந்நாட்டின் சொந்தப் பாட்டு வந்தால், அது அடுத்த திரைப்பாடல் வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய இரைச்சலாகவே பலருக்குத் தோன்றிற்று.

நமக்கும் அவ்வாறே தோன்றிற்று என்பதை மறைப்பதற்கில்லை. நாம் வளர்ந்த காயல்பட்டினத்தில் கொழும்புத் தொடர்பில்லாத வீடு குறைவு. நம் மாமா புறக்கோட்டையில் சிறு துணிக்கடை வைத்திருந்தார். இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலம் அது. அவர் ஒருமுறை கொண்டுவந்த டிரான்சிஸ்டர் வீட்டின் நடுக்கூடத்தில் மாடப்பிறையில் அமர்ந்திருந்தது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி, உரிமப் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கும் பொறுப்பு நம்முடையது. ஒரு வீட்டில் ஒலித்தால் போதும்; பெண்கள் நடமாடும் முடுக்கு வழியே அடுத்த நான்கு வீடுகளுக்கும் பாட்டுப் போய்விடும். நாகூர் அனிபாவின் குரல் கேட்டால் உம்மா ஒலியைக் கூட்டச் சொல்வார். பொப் பாட்டு வந்தால் வாப்பா செருமுவார். அது குறைக்கச் சொல்லும் குறிப்பு.

'பொப்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் அதைப் 'பாப்' என்றோம். அவர்கள் 'பொப்' என்றார்கள், 'துள்ளிசை' என்று தமிழிலும் சொன்னார்கள். பெயர் மேலைநாட்டிலிருந்து வந்ததால் பொருளும் அங்கிருந்தே வந்ததென்று நம் பெரியோர் முடிவு கட்டினர். இலண்டனில் தலைமயிர் வளர்த்த இளைஞர் பாடியதன் நகலே இது என்பது அவர்கள் கருத்து. கிதாரும் அகன்ற காற்சட்டையும் அக்கருத்துக்குச் சான்றாயின.

உண்மை வேறு. இப்பாடல்களின் உயிர்நாடியான தாளம் பைலா எனப்படுவது. ஆடுதல் என்னும் பொருளுள்ள போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. போர்த்துக்கீசியரும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரும் இலங்கைக் கரையோரத்தில் விட்டுச்சென்ற ஆட்டப்பாட்டு, பறங்கியர் இல்லங்களில் நெடுங்காலம் தங்கியிருந்தது. காவல்துறையில் பணியாற்றிய வோலி பாஸ்டியன்ஸ் 1940களில் அதைச் சிங்களப் பாட்டாக்கிப் பரப்பினார். எம்.எஸ். பெர்னாண்டோ அதைத் தெருவுக்கும் திருவிழாவுக்கும் உரியதாக்கினார். அறுபதுகளின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன மின் கிதாரோடு 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவில் சிங்கள இளைஞரைக் கவர்ந்தார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை நித்தி கனகரத்தினம் இந்தத் தாளத்தில் ஏற்றினார். ஆக, நானூறு ஆண்டுக் கடல் வாணிகம் பெற்றெடுத்த பாட்டை நாம் நேற்று விமானத்தில் வந்து இறங்கியதென்று எண்ணினோம். கடல் வாணிகத்தால் வாழ்ந்த ஊரார் நாம். நமக்கே இது விளங்கவில்லை.

மும்மூன்றாக எண்ணும் நடை அது. கும்மியடிக்கும் பெண்களின் கைக்கும் அந்த எண்ணிக்கை பழக்கமே. வேண்டாமென்று செருமிய வாப்பாவின் விரல்கள் சாய்வு நாற்காலியின் கைப்பிடியில் அந்நடையைத் தட்டியதை நாம் கண்டிருக்கிறோம்.

நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' என்னும் பாட்டை எடுத்துக்கொள்வோம். மருமகன் வந்து மாமியிடம் அவளுடைய இளைய மகளைப் பற்றி விசாரிக்கிறான். மாமி விடை சொல்கிறாள். இவ்வளவே பொருள். வருணனை இல்லை, நிலா இல்லை, மலர் இல்லை. அக்காலத்துத் திரைக்காதலன் பூங்காவில் நின்று வானத்தை நோக்கிப் பாடினான். இவன் வீட்டு வாசலில் நின்று மாமியை நோக்கிப் பாடுகிறான். காதலை உறவுமுறைக்குள் வைத்து, கேலியும் மரியாதையும் ஒருசேரப் பேசும் இந்த முறை நம் நாட்டுப்புறப் பாட்டின் முறை. முறைப்பெண் என்னும் ஒரு சொல்லில் அடங்கிய சமூக ஏற்பாடு முழுவதும் அந்தச் சிறு உரையாடலில் வந்துவிடுகிறது. நம் மாமிக்கும் மகள்மார் இருவர். அக்காரணத்தால் நாம் தெருவில் நடந்தால் தோழர்கள் இப்பாட்டைச் சீழ்க்கையடிப்பது வழக்கமாயிற்று. நாம் பொப்பிசையை வெறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

கள்ளுக்கடைப் பக்கம் போக வேண்டாமெனக் கெஞ்சும் பாட்டும் அவருடையதே. குடியைக் கண்டிக்கும் பாட்டைக் குடித்தவனும் எழுந்து ஆடும் தாளத்தில் அமைத்தது முரண் அன்றோ என்று கேட்பாருண்டு. மேடையில் மதுவிலக்குப் பேசினால் கேட்பவன் குடிக்காதவன். கள்ளுக்கடைக்குப் போகிறவன் காதில் விழ வேண்டுமானால் அவன் அறிந்த தாளத்திலேதான் சொல்ல வேண்டும். இது பாடகர் வேண்டுமென்றே செய்ததா, தானே அமைந்ததா என்னும் ஆராய்ச்சி நமக்கு வேண்டுவதில்லை. பாட்டு அப்படி நிற்கிறது.

'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று பெயர்பெற்ற ஏ.இ. மனோகரன் வேறு வகை. சொல்லைவிடத் துள்ளலையே நம்பியவர். அவருடைய பாட்டைக் கேட்கும்போது ஒரு கூட்டம் சுற்றி நிற்பது போன்ற உணர்வு வரும். தனித்திருந்து கேட்பதற்குரியதன்று அது. 'வாடைக்காற்று' (1978) போன்ற ஈழத்துத் திரைப்படத்திலும் பின்னர்ச் சென்னைப் படங்களிலும் அவர் நடித்தார். 'சுராங்கனி' அவர் குரலால் ஊரறிந்தது. 1977இல் இளையராஜா இசையில் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் மலேசியா வாசுதேவன் பாட, தமிழகமெங்கும் பரவியது. 2018 சனவரியில் மனோகரன் சென்னையில் காலமானபோது நாம் கண்ட இரங்கற் குறிப்புகள் அந்த ஒரு பாட்டோடு நின்றுவிட்டன.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பெண்ணைச் சீண்டுவது, மதுவிருந்தைச் சிறப்பிப்பது என்னும் இரண்டு பொருளைச் சுற்றியே பிற்காலப் பாடல்கள் பல சுழன்றன. சிங்கள மெட்டில் தமிழ்ச் சொல்லைப் பொருந்தாமல் திணித்தவையும் இருந்தன. எழுதிக் காட்டினால் ஒரு பக்கமும் நிற்காதவை அவை. ஆயினும் நம் பெரியோர் இவற்றைக் கண்டித்தது இந்தக் குறைகளுக்காக அன்று. பேச்சுத் தமிழ் பாட்டில் வந்ததே அவர்களுக்குக் குற்றமாகப் பட்டது. அதே வாயால் நாடோடிப் பாடல் தொகுப்புகளுக்கு அணிந்துரையும் எழுதினார்கள்.

நாமும் அப்பெரியோரைப் பின்பற்றினோம். பள்ளி இறுதியாண்டில் தோழர் நால்வர் சேர்ந்து கையெழுத்து இதழ் ஒன்று நடத்தினோம். அதில் 'பொப்பிசை என்னும் தொற்றுநோய்' என்ற தலைப்பில் நாம் எட்டுப் பக்கம் வரைந்தோம். விடுமுறைக்கு வந்திருந்த மாமா அதை முழுவதும் படித்தார். படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே, வாப்பா. ஆனா அந்தப் பாட்டுல அவன் என்ன சொல்லுறான்னு கேட்டியா?" என்றார். சுராங்கனிக்கு ஒருவன் மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்லும் பாட்டு அது என்று அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். கடையில் சிங்கள வாடிக்கையாளரோடு பேசிப் பேசி அம்மொழி அவருக்குத் தாய்மொழிபோல் வந்தது. பாட்டைப் பாடிக்காட்டவில்லை, சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பொருள் கூறினார். நாம் எட்டுப் பக்கம் கண்டித்தது பொருளறியாத ஓசையை என்பது அன்று புலனாயிற்று. இதழின் அடுத்த மாதப் பிரதியில் மறுப்பு எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இப்போது வேறொரு போக்குத் தலைதூக்கியிருக்கிறது. சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் கலந்த அந்நாளில் இனங்களும் கலந்து வாழ்ந்தன என்று சிலர் எழுதத் தொடங்கியுள்ளனர். பழைய பாட்டைக் கேட்கும்போது எழும் இன்பத்தை அந்தக் காலத்தின் மேலேயே ஏற்றிவிடும் மயக்கம் இது. எழுபதுகள் எவ்வாறு இருந்தன? 1972இன் குடியரசு அரசியலமைப்புத் தமிழர் கோரிக்கைகளைப் புறந்தள்ளியது. பல்கலைக்கழக நுழைவில் தரப்படுத்தல் வந்து யாழ்ப்பாணத்து மாணவரைக் கசப்பில் ஆழ்த்தியது. 1974 சனவரியில் யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிர்கள் பலியாயின. 1977இல் தமிழகத்தார் 'சுராங்கனி'யைக் கற்றுக்கொண்ட அதே ஆண்டின் ஆகஸ்டில் அங்கே இனக்கலவரம். வேகக் குரலோன் கே.எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அவர் குரலைப் புகழும் கட்டுரைகளிற் பலவும் அவர் முடிவைச் சொல்லாமலே முடிந்துவிடுகின்றன.

அப்படியானால் துள்ளிப் பாடியவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்களா? இக்கேள்வியை நாம் நெடுநாள் மனத்தில் வைத்திருந்தோம். அழவில்லை என்பதற்காக ஒரு பாட்டைத் தண்டிப்பது முறையாகாது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் வரவுக்கு அந்நாட்டரசு கட்டுப்பாடு விதித்தபோது, ஈழத்து எழுத்துத் தன் காலில் நிற்கப் பழகிற்று. பாட்டில் அந்த வேலையைச் செய்தது பொப்பிசை. சென்னைத் திரைத்தமிழில் காதலித்து, சென்னைத் திரைத்தமிழில் அழுதுகொண்டிருந்த ஒரு மக்கள் தம் வீட்டுப் பேச்சில் சிரிப்பதற்கு அதுதான் வழிசெய்தது. பாடியவர்கள் நாட்டின் அமைதிக்குச் சான்று சொல்ல வரவில்லை. அந்தச் சுமையை இன்றைய நாம் அவர்கள் தலையில் ஏற்றுவது, அன்று தொற்றுநோய் என்றதற்குச் சற்றும் குறையாத அநீதி. நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். அவர் பாட்டைக் கேட்டு ஆடிய இளைஞரும் உலகின் பல மூலைகளுக்குச் சிதறினர். அங்கே மணவீடுகளில் சின்ன மாமி இன்றும் அழைக்கப்படுகிறாள். கரைக்கு இப்பால் உள்ள நாம்தான் அவளை மறந்தோம்.

மாமாவின் கடை 1983 சூலையில் எரிந்தது. கப்பலும் பின்னர் நின்றுபோயிற்று. ஊர் திரும்பிய அவர் டிரான்சிஸ்டரைக் கையால் தொடவில்லை. யாரேனும் கொழும்பு நிலையத்தைத் திருப்பினால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். சில ஆண்டுகள் கழித்து உறவினர் திருமணத்திற்காக வாடகைப் பேருந்தில் மேலப்பாளையம் சென்றோம். பின்னிருக்கைப் பையன்கள் கைதட்டிக்கொண்டு 'சுராங்கனி' பாடத் தொடங்கினர். முன்னிருக்கையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமா திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று அஞ்சினோம். மீனைக் குறிக்கும் அந்தச் சிங்களச் சொல்லைப் பையன்கள் ஏதோ பெண்ணின் பெயரென எண்ணிச் சிதைத்துப் பாடினர் போலும். அதை இருமுறை நிறுத்தி உச்சரித்துத் திருத்தினார். "மீனு, வாப்பா, மீனு" என்றார். பையன்கள் சிரித்தார்கள். அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டதும் பழைய பிழையோடே மறுபடி பாடினார்கள். நாமும் கைதட்டினோம்.